கல்லூரித் தெரு மாடிக்கு அட்வான்ஸ் கொடுக்காதே

திருச்சுழி

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. நீ விவரித்திருந்த வீட்டைப் படிக்கப் படிக்க எனக்கே வாங்க வேண்டும்போல் இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் கட்டியது, அதனால் மரம் எல்லாம் அசல் தேக்கு. மூன்று அறை, சமையல்கட்டு, தெருவைப் பார்த்த பால்கனி. கல்லூரி வாசலுக்குப் பாடப் புத்தகத்தோடு நடந்தே போய்விடலாம். தை மாதம்தான் முழுவதும் புதுப்பித்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளை, கதவுக்குப் பச்சை வர்ணம், அறைக்கு ஒரு மின்சார விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, மாடியிலேயே குழாயைத் திறந்தால் தண்ணீர். இந்தக் கடைசி வரியை நீ இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாய். கல்யாணம் முடிந்து இங்கே வந்து தங்கிய பத்து நாளில் உன் மனைவி தண்ணீரைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குப் புரிந்தது.

அந்த வீட்டுக்கு வருகிற வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீ ஏற்க வேண்டியதில்லை, இதை மட்டும் ஏற்றுக்கொள். அடுத்ததாக, மாடிக்குப் பணம் திரட்ட நம் திருச்சுழி வீட்டின் மேற்குப் பாதியை, கிணற்றோடு சேர்த்து, பந்தல்குடி லாரி முதலாளிக்கு விற்றுவிடலாம் என்றும் எழுதியிருந்தாய். அது இனி முடியாது. மேற்குப் பாதி இப்போது என்னுடையது இல்லை.

முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். இந்தச் சீமையில் பாதி வீடுகளுக்கு நான்கு எல்லை எழுதியிருக்கிறேன். ஆனால் தரைக்கு அடியில் ஒருவர் வீடு, தலைக்கு மேல் ஆகாயம், நடுவில் உள்ளது மட்டும் நமக்கு என்று எழுதும் பாக்கியம் இதுவரை கிடைக்கவில்லை. அதனால் ஆசைப்பட்டுப் போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி மதுரைக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உன் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். அந்த வீட்டில் நான் என்ன பார்த்தேன் என்று சொல்வது எளிது. பார்த்த உடனே எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீ கேட்பாய். பதில் சொல்ல வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் போக வேண்டும். உனக்கும் எனக்கும் நடுவில் உள்ள இரண்டு பொய்களை உடைக்க வேண்டும்.

முதல் பொய், என் இடது தோளில் உள்ள தழும்பு. ஏணியிலிருந்து விழுந்ததாக உன் அம்மா சொன்னாள். இரண்டாவது, உன் சித்தப்பாவின் வலது கையில் இல்லாமல் போன மூன்று விரல்கள். கிணற்று ராட்டினத்தில் சிக்கியது என்று சித்தப்பாவே உனக்குச் சொன்னார். அவர் ஆறு வருஷம் பட்டாளத்தில் இருந்து, பர்மாவில் குண்டுக்கு நடுவில் கிடந்து, பத்து விரலோடு திரும்பி வந்தவர். மூன்றை வீட்டில் வைத்துத்தான் இழந்தார். எடுத்தவன் நான்.

யுத்தம் முடிந்து அவர் வந்ததும், மல்லாங்கிணற்றில் பிறந்த வீட்டில் இருந்த சித்தியை அழைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் வைக்க வேண்டும் என்றார். நியாயம்தான். பங்கு பிரிக்க முடிவு செய்தோம். நம் வழக்கம் உனக்குத் தெரியும்: மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் மோசம் செய்ய முடியாதபடி யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்து ஏற்படுத்திய வழக்கம். அவர் பத்திரம் எழுதுகிறவனை மனதில் வைத்து யோசிக்கவில்லை.

வீட்டின் கிழக்குப் பாதியில் உன் தாத்தா வெட்டிய பழைய கிணறு இருந்தது. சித்தப்பா பட்டாளத்துக்குப் போகும்போது அதில்தான் நல்ல தண்ணீர். அவர் போன மூன்றாம் வருஷம் அது அடியோடு வற்றிவிட்டது. பிறகு மேற்குப் பாதியில் நான் ஒரு புதுக் கிணறு வெட்டினேன். அதிர்ஷ்டம், அதில் நல்ல தண்ணீர் ஊறியது. சுற்றிலும் எத்தனையோ கிணறுகளில் வாயில் வைக்க முடியாத உப்பு. பழைய கிணறு வற்றியதை நான் பர்மாவுக்கு எழுதவில்லை. முதலில், சண்டையில் இருப்பவனுக்கு ஏன் வருத்தம் என்று எழுதவில்லை. பிறகு எழுதாமல் இருப்பதில் ஒரு வசதி தெரிந்தது.

பங்கு பிரிக்கும் நாளுக்கு முந்தைய வாரம், சித்தப்பா பட்டாளத்திலிருந்து வந்து மல்லாங்கிணற்றில் மாமனார் வீட்டிலேயே தங்கியிருந்தபோது, கிழக்குப் பாதியைப் புதுப்பித்தேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன். கதவுக்கு வர்ணம் பூசினேன், பச்சைதான். கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பூசி, புது ராட்டினம், புதுக் கயிறு போட்டேன். பிறகு ஊருணியிலிருந்து வண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு நாள் பகல் முழுவதும் அந்தக் கிணற்றில் ஊற்றினேன். அடியில் பாறை, அதனால் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அண்ணன் தம்பி விஷயத்தில் தலையிடக் கூடாது என்கிற நாகரிகம் உள்ளவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சாயத்துக்கு மல்லாங்கிணற்றிலிருந்து பெரியவர்களை அழைத்தேன். உள்ளூர்ப் பெரியவர்களை ஏன் சிரமப்படுத்த வேண்டும்?

சித்தப்பா இரண்டு கிணற்றையும் எட்டிப் பார்த்தார். கிழக்கை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஏன் என்று பெரியவர் ஒருவர் கேட்டார். "புதுக் கெணறு அண்ணன் ஒழைச்சு வெட்டுனது மாமா. அது அவுகளுக்கே இருக்கட்டும். நான் அப்பா கெணத்தை வச்சுக்கிறேன்" என்றார். நான் தண்ணீரே ஊற்றாமல் இருந்திருந்தாலும் அவர் அதைத்தான் எடுத்திருப்பார். இதை யோசித்துப் பார்க்கிற போதெல்லாம், ஒரு மோசடி பாவமாக இருப்பதைவிட வீணாக இருப்பதுதான் ஆளை அதிகம் அறுக்கிறது என்று தெரிகிறது. பத்திரத்தை என் கையாலேயே எழுதினேன். "கல்கட்டுக் கிணறு ஒன்று, ராட்டினம், கயிறு சகிதம்" என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஒன்பதாவது நாள் மத்தியானம் நான் மேஜையில் உட்கார்ந்து யாருக்கோ கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தப்பா வாளியோடு வந்தார். அதை என் மேஜைமேல் கவிழ்த்தார். சேறும், செத்த ஓணான் ஒன்றும். மைக்கூடு உருண்டு தரையில் உடைந்தது.

"என்ன தண்ணிண்ணே இது?" என்றார்.

அந்த நேரத்தில் நான் அழுதிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். அண்ணன் தம்பி காலில் விழக் கூடாது என்று ஒரு சாஸ்திரமும் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பத்திரத்துல கெணறுன்னுதான் எழுதுனேன் தம்பி. தண்ணின்னு எழுதலையே" என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் தட்டில் வைத்து எதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், கிணற்றில் ஊற்றிய தண்ணீரை விட்டுவிட்டு இந்த வாக்கியத்தைத்தான் எடுப்பேன்.

கதவோரம் வேலிமுள் வெட்டுகிற அருவா சாத்தியிருந்தது. அவர் அதை எடுத்தது எனக்குத் தெரியும், ஓங்கியது தெரியாது. தோளில் யாரோ பலமாகத் தட்டிக் கூப்பிட்டதுபோல்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் சட்டை கிழிந்து உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகுதான் ரத்தம் வந்தது. இரண்டாவது வெட்டு என் தலைக்கு வந்தது. நான் விலகினேன், அருவா நிலைப்படியில் ஆழமாக இறங்கி மாட்டிக்கொண்டது. அவர் இரண்டு கையாலும் இழுத்தார், வரவில்லை. நான் அவர் நெஞ்சில் உதைத்தேன். மல்லாந்து விழுந்தார். பின்மண்டை தரையில் மோதிய சத்தம் இப்போதும் கேட்கிறது. நான் அருவாவைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அது உடனே வந்தது.

இந்த இடத்தைக் கவனித்துப் படி. அவர் தரையில் கிடந்தார். கையில் ஒன்றும் இல்லை. வலது கையை முகத்துக்கு முன்னால் தூக்கினார், உள்ளங்கை என்னைப் பார்த்து இருந்தது. "அண்ணே" என்றார். நான் வெட்டினேன். தற்காப்புக்காக வெட்டினால் குற்றமில்லை என்று சட்டத்தில் இருக்கிறது; பிற்பாடு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், மூன்று முறை படித்தேன். வெறும் கைக்கு அதில் இடமில்லை.

உன் அம்மா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். தரையில் கிடந்த மூன்று விரலையும் பொறுக்கி ஒரு பித்தளைச் சொம்பில் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இதை எங்கே வைக்கணும்?" என்று கேட்டாள். எந்தக் காரியத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஊருக்கே வாசகம் எழுதிக் கொடுக்கிறவன் நான். எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா எழுந்து, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, அருவாவை என் கையிலிருந்து வாங்கினார். நான் கொடுத்தேன். அதையும் துண்டுக்குள் சேர்த்துச் சுற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குத் தானே நடந்து போனார்.

அருப்புக்கோட்டை ஆசுபத்திரியில் ஏட்டு வந்து விசாரித்தார். கிணற்று ராட்டினத்தில் சிக்கியது என்று சித்தப்பா சொன்னார். ஏட்டு வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "வத்துன கெணத்துல ராட்டினத்தைச் சுத்தி என்னய்யா எடுத்தாரு உம்ம தம்பி?" என்று என்னைக் கேட்டார். அவர் முட்டாள் இல்லை. புகார் இல்லாததால் போய்விட்டார். சித்தப்பா ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்பது சித்தி மூலம் உன் அம்மாவுக்குத் தெரிந்தது. "அண்ணன் செயிலுக்குப் போனா பய பரீட்சை எழுத மாட்டான்" என்றாராம். அந்த மாதம் நீ கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். நீ இன்று கல்லூரியில் நின்று பாடம் சொல்கிற மேடைக்கு அடியில் அந்த மூன்று விரல் இருக்கிறது. உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மாடி வீட்டுக்கு எதை விற்கலாம் என்று கணக்குப் போடும்போது, ஏற்கெனவே உனக்காகக் கொடுக்கப்பட்டது இன்னது என்று நீ தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வருஷம், நடுவில் ஒரு சுவர். சித்தி நம் கிணற்றுப் பக்கம் திரும்பவில்லை; ஒரு மைல் தள்ளி ஊருணிக்கு நடந்தாள். சித்தப்பா என்னோடு பேசவில்லை. அந்த அருவா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. கதவுக்கு நான் இரண்டு தாழ்ப்பாள் போட்டது திருட்டுப் பயத்தால் அல்ல.

இனி மதுரை மாடிக்கு வருகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து வீடு பார்க்க வருவதாக முன்னதாகவே ஒரு கார்டு போட்டிருந்தேன்; போனதும் வீட்டுக்காரர் மரியாதையாக அழைத்துப் போனார். வெள்ளைச் சுவரைக் காட்டினார், பச்சைக் கதவைக் காட்டினார். சமையல்கட்டில் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. பின்பக்கப் படிக்கட்டைப் பார்த்தேன். மொட்டைமாடிக்கு ஏறுகிற படியில், காய்ந்த வெயிலில், ஈரக் காலடிகள். வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்க்காதே. ஈரம் எங்கே இருக்கக் கூடாதோ அங்கே இருக்கிறதா என்று பார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் ஊற்றிய அன்றைக்கும் ஊருணியிலிருந்து நம் வாசல் வரை புழுதியில் ஒரு ஈரக்கோடு இருந்தது. சித்தப்பா மட்டும் அதைப் பார்க்கவில்லை.

"மொட்டமாடில என்னங்க இருக்கு, வெயிலுதான்" என்று வீட்டுக்காரர் தடுத்தார். நான் ஏறினேன். ஒரு இரும்புத் தொட்டி. அதன் வாயில் ஒரு பெண்பிள்ளை குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனையாவது கொடம் தாயி?" என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டுய்யா. இன்னும் ரெண்டு ஊத்துனா எறங்கிருவேன்."

"தெனமும் ஊத்துவியா?"

"தெனமும் ஊத்த எனக்கு இடுப்பு என்ன இரும்பா? வீடு பாக்க ஆளு வார அன்னிக்கித்தேன்."

முனிசிபாலிட்டித் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியதே இல்லையாம். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. "இதுல என்னங்க இருக்கு? கொழா இருக்குன்னு சொன்னேன். கொழா இருக்குல்ல? தண்ணி வரும்னு எழுதியா குடுத்தேன்?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பெருமை இல்லை. அவர் கழுத்தில் கிடந்த துண்டை இரண்டு முனையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினேன். ஐம்பத்தாறு வயசில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தொட்டியின் விளிம்பில் அவரைக் குப்புறச் சாய்த்து, தலையை அந்த முப்பத்தெட்டுக் குடத் தண்ணீருக்குள் அழுத்தினேன். குமிழி வந்தது. கால் இரண்டும் தரையை உதைத்தன. குடக்காரப் பெண் என் தோளில், பழைய தழும்பு உள்ள அதே இடத்தில், வெறும் குடத்தால் ஓங்கி அடித்தாள். "விடுய்யா, செத்துருவாரு. எங்கூலியை யாரு குடுப்பா?" என்றாள். விட்டேன். அவர் இருமிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். உள்ளங்கை, ஐந்து விரல், எல்லாம் சரியாக இருந்தது.

நான் படியிறங்கி வந்துவிட்டேன். ஒரு ஊரில் ஒரே வாக்கியத்தைச் சொன்னவன், இன்னொரு ஊரில் அதே வாக்கியத்தைச் சொன்னவனைக் கொல்லப் பார்த்தால் அதற்கு நியாயம் என்று பெயர் வைக்க முடியாது. பஸ்ஸில் வரும்போது, அவருக்கு நான் கொடுத்ததை எனக்குக் கொடுக்க வேண்டியவர் யார் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் கிழக்கு வாசலில் போய் நின்றேன். சித்தப்பா வெளியே வந்தார். வீட்டை மாற்றிக்கொள்வோம், மேற்கையும் கிணற்றையும் நீ எடுத்துக்கொள், நான் கிழக்குக்கு வருகிறேன், பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிவிடலாம் என்றேன்.

"என்ன திடீர்னு?"

"மதுரைக்குப் போயிட்டு வந்தேன்."

"மதுரையில புத்தி விக்கிறாகளா?"

உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது. "அவுக வெலை குடுத்து வாங்கியிருக்க மாட்டாக. கொசுறாக் கேட்டு வாங்கியிருப்பாக."

சித்தப்பா மறுக்கவில்லை; அன்றே எழுத உட்கார்ந்தேன். இந்த முறை பத்திரத்தில் கிணறு என்று எழுதி, அதன் பக்கத்தில் "வற்றாத நல்ல தண்ணீருள்ள" என்றும் எழுதினேன். ரிஜிஸ்திரார் முன்னால் சித்தப்பா இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றினார். "மிலிட்டரியில இருந்தவரு, கையெழுத்துப் போடத் தெரியாதா?" என்று ரிஜிஸ்திரார் கேட்டார். "தெரியும் சார். எழுதுற வெரலு ராட்டினத்துல போயிருச்சு" என்றார் சித்தப்பா. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொத்து மாறிவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மூணு வருசம் அவ நடந்தா. இனிமே ஊருணிக்கு யாரு நடப்பா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "நீங்க நடங்க" என்று சொல்லிவிட்டாள்.

நேற்று சாமான்களை மாற்றினோம். கடைசிப் பெட்டியைத் தூக்கப் போனபோது சித்தப்பா கிணற்றடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். இடது கையில் அந்த அருவா. துருவே இல்லை, மூன்று வருஷமும் தீட்டி வைத்திருக்கிறார். ராட்டினம் தொங்குகிற பனங்கட்டைத் தூணைக் காட்டி, "கையை அதுல வைங்கண்ணே" என்றார். உன் அம்மாவும் சித்தியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வலது கையை விரித்து வைத்தேன். வைக்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. வைத்த பிறகு மூன்று வருஷத்தில் முதல் முறையாகப் பயம் இல்லை. ஓங்கினார். இறக்கினார். கண்ணைத் திறந்தபோது அருவா என் ஆள்காட்டி விரலுக்கு ஒரு நெல் தூரத்தில் கட்டைக்குள் புதைந்திருந்தது.

"எடது கை இன்னும் சரியாப் பழகலை" என்றார் சித்தப்பா. "குறி தப்புச்சா, நான் தப்ப விட்டேனான்னு நீங்க உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருங்க."

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதை ஐந்து விரலாலும் எழுதுகிறேன். உனக்கு மதுரையில் வாடகை வீடு போதும். வீட்டுக்காரரோடு உனக்குச் சண்டை வந்தால் காலி செய்துகொண்டு போகலாம், சொந்த வீட்டில் அந்த வசதி கிடையாது. அடுத்த தடவை மனைவியோடு ஊருக்கு வரும்போது குளிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் மேற்கு வாசலில் போய்ச் சித்தியிடம் கேள். கொடுப்பாளா என்று எனக்குத் தெரியாது. சித்தப்பா கையை நீட்டினால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள், எப்படி ஆயிற்று என்று மட்டும் கேட்காதே. கிணற்றடிக்குப் போனால் தூணில் அருவா இருக்கும். அதை யாரும் பிடுங்கவில்லை. இன்று காலையில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கயிறு அதில் உரசாமல் ஒதுக்கிப் பிடித்துச் சித்தி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா